திரும்பி வரும் தண்ணீருக்கு இடம்

செம்பூர்
5.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வம் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அத்தானோ என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். கண்ணாடி ஏற்ற வரும் டெம்போ நாணுவிடம்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுங்கா கௌசிக் சார் வீட்டு வேலையை அப்படியே விட முடியாது. ஆறடி மீன்தொட்டி. மேலே பவளமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மீன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சம்ப்தான் மாற்ற வேண்டும். அவருடைய அம்மா ராஜலக்ஷ்மி மாமிக்கு சம்ப் என்றால் பில்டிங்குக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி. வேலை ஆரம்பித்த அன்றைக்கே அவருக்கு விளக்கிச் சொன்னேன். மேல்தொட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீர் பைப் வழியாக அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும், அங்கே அழுக்கு நீங்கியதும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும், அந்தக் கீழ்த்தொட்டிதான் சம்ப் என்றேன். மாமி விடவில்லை. "கரண்ட் போனா மோட்டார் நின்னுடுமே. மேலேர்ந்து எறங்கற ஜலம் எங்க போகும்?" என்று கேட்டார். "சம்புல காலி இடம் விட்டிருக்கு மாமி. அதோட மும்பையில கரண்ட் எங்க போகுது?" என்று சொல்லிச் சிரித்தேன்.

கிரகப்பிரவேசத்தன்றா போக வேண்டும்! சொசைட்டி எலக்ட்ரீஷியன் மீட்டர் ரூமில் எதையோ மாற்றுவதற்காக அந்த மாடிக்கு மட்டும் கரண்டை நிறுத்தினான். மீதி உனக்கே தெரியும்.

இப்போது என் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. கிராஃபோர்ட் மார்க்கெட்டில் ரெடிமேட் அக்ரிலிக் சம்ப் இருக்கிறது, பார்க்க ஷோவாக இருக்கும், ஆனால் சின்னது. இல்லையென்றால் நாமே கண்ணாடியில் பெரிதாகச் செய்ய வேண்டும். எது நல்லது என்று நீ ஒரு வார்த்தை சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்துவிட்டது. வேலை கொடுத்த பார்ட்டி முன்னால் பேசும்போது நாலு வார்த்தை கூடக் குறைய வரத்தான் செய்யும். தொழில் என்றால் அப்படித்தான். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி
மாரிசெல்வம்


தாராவி
8.2.2025

மதிப்பிற்குரிய பார்ட்டி திரு. மாரிசெல்வம் அவர்களுக்கு,

செல்வம் கிளாஸ் ஒர்க்ஸ் பானுமதி எழுதுவது.

நாலு வார்த்தை கூடக் குறைய வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

கண்ணாடி மூடி ஒன்று பாக்கி இருக்கிறது, காலையில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போ என்று சொன்னீர்கள். மாட்டிவிட்டுப் போ என்றுதான் சொன்னீர்கள், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. எனக்குத்தான் புத்தி இல்லை. தம்பி வேலை செய்த வீடு, நல்ல நாள் என்று பட்டுச்சேலை கட்டினேன். வெற்றிலை, பழம், தேங்காய் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். லிஃப்டில் கண்ணாடி பார்த்துப் பூவைக்கூடச் சரிசெய்தேன்.

மூடியை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கரண்ட் போனது. அலமாரிக் கதவுக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் வந்தது. புது மரத்தரை முழுக்க ஓடி, ஹோமம் முடிந்து நின்ற மாமியின் மடிசாரை நனைத்தது. கௌசிக் சார் குனிந்து சம்பைப் பார்த்தார். அதில் நான் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. "செல்வம் கிளாஸ் ஒர்க்ஸ், தாராவி. உங்க பேரும் செல்வம்தானே?" என்று கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "காமன் நேம் சார். தாராவி பார்ட்டி ஒண்ணு, அவங்ககிட்ட வாங்கறோம்."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் பக்கம் திரும்பி, "தீதி, ஆப்லோக் நாப் லேகே நஹி பனாத்தே க்யா?" என்றீர்கள். யாரோ ஒருத்தியைக் கூப்பிடுகிற மாதிரி "தீதி" என்று கூப்பிட்டு, அளந்து செய்ய மாட்டீங்களா என்று என்னிடம் இந்தியில் கேட்டீர்கள். அந்த வீட்டில் ஐயர் தமிழ் பேசினார், சமையல்காரர் தமிழ் பேசினார், வந்திருந்த குழந்தைகள்கூடத் தமிழ் பேசின. கூடப்பிறந்த நாம் இரண்டு பேர் மட்டும் இந்தியில் பேசினோம். நான் வாயைத் திறந்து ஒரு "ஏலே" சொல்லிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்தீர்கள். பயப்பட வேண்டாம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. துடைக்கிற துணியை என் கையில் கொடுத்தீர்கள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைத்தேன். தட்டு ஷூ ஸ்டாண்டின் மேலேயே இருந்தது. வரும்போது எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பழத்தை நாங்கள் சாப்பிடவில்லை.

கடை ஆரம்பித்தபோது உங்க அத்தான் என் பேரை வைக்கலாம் என்றார். நான்தான் "என் தம்பி பேரை வைங்க, ராசியான பேரு" என்றேன். இப்போது அது காமன் நேம் ஆகிவிட்டது. மாசக் கடைசியில் பெயிண்டர் வருவான். போர்டில் அந்தப் பேரை அழித்துவிடுவான். அழித்த பிறகு நீங்கள் எந்தப் பார்ட்டிக்கும் பதில் சொல்லத் தேவையிருக்காது.

சம்ப் வேண்டுமென்றால் அளவை எழுதி அனுப்புங்கள். செய்து தருவோம். எங்களுக்கு எல்லாப் பார்ட்டியும் ஒன்றுதான்.

இப்படிக்கு
பா. பானுமதி


செம்பூர்
10.2.2025

அக்கா,

உன் கடிதத்தை டெம்போவிலேயே உட்கார்ந்து படித்தேன். நாணு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டான்.

"நீங்கள்" என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் செய்யாதே. திட்டுவதாக இருந்தால் "நீ" என்றே திட்டு.

முதல் கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் பூசி மெழுகியதுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் நீ குனிந்து தரை துடைத்ததுதான் கண்ணுக்குள் வருகிறது. நீ துடைத்துக்கொண்டிருந்தபோது நான் கௌசிக் சாரிடம் வாரண்டி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே என் ஷூ நனையாமல் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்ல உருப்படியான காரணம் ஒன்றும் கிடையாது. முதல் நாள் மாமி "நீ எந்த ஏரியாப்பா?" என்று கேட்டார், செம்பூர் என்றேன். இப்போது செம்பூரில்தானே இருக்கிறேன், பொய் இல்லை. "சொந்த ஊர்?" என்றார், திருநெல்வேலி என்றேன். அதுவும் பொய் இல்லை. நடுவில் இருக்கிற தாராவியை மட்டும் விழுங்கிவிட்டேன். விழுங்கியதை வெளியே எடுக்க அப்புறம் சமயமே கிடைக்கவில்லை. அன்றைக்கு நீ பட்டுச்சேலையும் தட்டுமாக வாசலில் நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்தான். ஏன் இவள் இப்படி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

இன்னொன்று. தப்பு உன் மேல் இல்லை. அளவு எல்லாம் நான் போட்டுக் கொடுத்தது. மோட்டார் நின்றால் மேலேயிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று கணக்குப் பார்த்து, சம்பில் இதற்கு மேல் நிரப்பக் கூடாது என்று கோடு போட்டவன் நான். வேண்டுமென்றே ஒரு தடவை மெயினை அணைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மும்பை கரண்டை நம்பி அதைச் செய்யவில்லை. என் கணக்கு எங்கேயோ உதைத்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது. கௌசிக் சாரிடம் இதைச் சொல்லிவிடப்போகிறேன்.

ரெடிமேட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நிரப்புகிற கோட்டைக் கீழே இறக்கிப் பழைய சம்பையே வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அது சரிப்படாது. இந்த வெயிலில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் மோட்டார் காற்றை இழுக்கும், நுரை எடுக்கிற மெஷினுக்கும் ஆழம் போதாது. அதனால் பழைய அளவுக்கு மேலே இன்னும் ஒரு சாண் நீளம் கூட்டி ஒன்று செய்து தா. உயரம் அப்படியே இருக்கட்டும்.

போர்டை அழிக்காதே அக்கா. கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

செல்வம்


தாராவி
14.2.2025

தம்பிக்கு,

ஒரு சாண் கூட்டிச் செய்து தா என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுப் பட்டறையில் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்க அத்தான், "என்ன பானு, சிலிக்கான் பசை காயுதா, நீ காயுதியா?" என்று கேலி செய்தார். இந்தக் கடிதத்தை எழுதாமல் சம்பையும் செய்ய முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ கொடுத்த அளவு அந்த அலமாரிக்குள் போகாது. ஒரு சாண் கூட்டினால் எப்படிப் போகும்? கார்பெண்டர் கடைசி நேரத்தில் நடுவில் ஒரு கட்டை வைத்துவிட்டான். தொட்டியின் பாரம் முழுக்க அதன் மேல்தான், எடுக்கவும் முடியாது. நாங்கள் சம்பைக் கொண்டுபோன அன்றைக்கு அது உள்ளே நுழையவில்லை. நீ பாண்டுப்பில் வேறு வேலையில் இருந்தாய். உனக்குப் போன் பண்ணலாம் என்று அத்தான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். போன் பண்ணினால் பார்ட்டி பக்கத்தில் இருக்கும்போதே "அளக்கத் தெரியாதா" என்று கத்துவாய் என்று நினைத்தேன். திரும்ப எடுத்துவந்து, ஒரு பக்கத்தை அறுத்து, நீளத்தைக் குறைத்து ஒட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டோம். உன்னிடம் சொல்லவில்லை.

நீ போட்ட கோடு நீ கொடுத்த நீளத்துக்குச் சரிதான். நீளம் குறைந்த சம்பில் அதே கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பினால், மேலேயிருந்து இறங்குகிறதுக்கு இடம் எங்கே இருக்கும்? பைப் மாட்டும்போது அந்தக் கட்டையை நீயும் பார்த்திருப்பாய், யோசித்திருக்க மாட்டாய். ஆனால் எனக்குத் தெரியும். திசையன்விளையில் கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டே வளர்ந்தவள் நான். நீ இங்கே பிறந்தவன், மும்பை கரண்டை நம்பினாய். எனக்கு என்ன கேடு? காலி இடம் எதற்கு என்று தெரிந்தும், இங்கே எங்கே கரண்ட் போகப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆக, நீ இந்தியில் என்னிடம் கேட்டது நியாயமான கேள்விதான். அளந்து செய்ய மாட்டீங்களா? செய்யவில்லை. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு தரை துடைத்தது உன்னைக் காப்பாற்ற மட்டும் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுவும் சேர்ந்துதான். போன கடிதத்தில் உன்னை அத்தனை கேள்வி கேட்டேன், இதை மட்டும் எழுதவில்லை. நீ "தப்பு உன் மேல் இல்லை" என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு மானம் போய்விட்டது.

ஆனால் ஒன்று சொல்லுவேன். சம்ப் தப்பு என்னுடையது. "தீதி" உன்னுடையது. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்காதே. நானும் கழிக்க மாட்டேன்.

இப்போது வேலை. ஒரே சம்பாகச் செய்ய முடியாது. கட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு தொட்டி செய்து, அடியில் தடிமனான பைப்பால் இணைத்துவிடலாம். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நீ கேட்டதைவிட இடம் அதிகமாகவே கிடைக்கும். கோட்டை இந்தத் தடவை கணக்கில் போடாதே, மெயினை அணைத்து, தண்ணீர் இறங்கி நிற்கிற இடத்தைப் பார்த்துப் போடு. மேலே ஏறுகிற பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஓட்டையும் போடு. காற்று புகுந்துவிட்டால் மேல்தொட்டித் தண்ணீரை அது திரும்ப இழுக்காது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததைச் செய்யாததுதானே நம் இரண்டு பேர் வியாதியும்.

கௌசிக் சாரிடம் உன் கணக்கு தப்பு என்று சொல்லாதே. குறைத்து ஒட்டியது தாராவி பார்ட்டி என்றே சொல்லு.

பெயிண்டர் விஷயம் இன்னும் யோசிக்கவில்லை.

பானு


செம்பூர்
20.2.2025

அக்கா,

நேற்று மாட்டுங்கா போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ நினைப்பதுபோல் நான் ஒன்றும் மாறிவிடவில்லை.

மெயினை அணைத்துச் சோதிக்காதது என் தப்பு என்று சொன்னேன். நடுக்கட்டை விஷயமும் சொன்னேன். கௌசிக் சார் கோபப்படவில்லை. "ஓகே, ரெண்டு சம்ப் ஐடியா நன்னா இருக்கு, யார் ஐடியா?" என்று கேட்டார். அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். எங்க அக்கா என்று இரண்டு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. "வெண்டர் சொன்னாங்க சார்" என்று வெளியே வந்தது. மாமி சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

முதல் தடவை பயந்து சொன்னேன் என்று வைத்துக்கொள். இரண்டாவது தடவைக்கு என்ன பேர்?

ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும். இணைப்புப் பைப்பை நீ ஒட்டினால்தான் கசியாது. வருவாயா? வரமாட்டேன் என்று சொன்னாலும் நான் கோபப்பட முடியாது. சம்பை மட்டும் நாணுவிடம் அனுப்பிவிடு.

செல்வம்


தாராவி
24.2.2025

ஏலே தம்பி,

உன் நம்பரை நேற்று ராத்திரியே திறந்துவிட்டேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நான் வந்ததை நீ எப்படி எடுத்துக்கொண்டாயோ தெரியாது. பழைய நைலக்ஸ் சேலைதான் கட்டி வந்தேன். ஸ்டிக்கரைக்கூட சம்பின் பின்பக்கம், சுவரைப் பார்த்து ஒட்டினேன். இன்னும் அவர்களிடம் நீ சொல்லவில்லை என்றுதானே எழுதியிருந்தாய். உனக்கு மறுபடி சங்கடம் வேண்டாம் என்று நினைத்தேன். உள்ளே வந்ததிலிருந்து உன்னோடு பேசாமல் என் வேலையைப் பார்த்ததும் அதனால்தான். கோபம் என்று நீ நினைத்திருப்பாய்.

எல்லாம் மாட்டியாயிற்று. நீ தலையை அலமாரிக்குள் விட்டு, டார்ச்சோடு குப்புறப் படுத்துக் கிடந்தாய். உள்ளேயிருந்தே, "யக்கா, மெயின அணைக்கட்டா?" என்று கத்தினாய். அந்த வீட்டுக் கூடம் முழுக்கக் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பி மறந்துபோய் உளறிவிட்டான் என்று நினைத்தேன். மாமி என் பக்கத்தில் நின்றிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவன் உன் தம்பிதானேம்மா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்ல மாமி. இந்த லைன்ல எல்லாரும் என்னைய அக்கான்னுதான் கூப்பிடுவாங்க" என்றேன்.

கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னேன் செல்வம். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா அப்படிச் சொல்றே? அவன் கார்த்தால வந்ததுமே எங்க எல்லாரையும் உட்காரவெச்சுச் சொல்லிட்டானே. அன்னிக்குத் தரை தொடச்சது என் கூடப்பிறந்த அக்கா, கடைல இருக்கறது என் பேருன்னு. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு அவனுக்கு. நீ வந்தா உன் கால்ல விழணும்னுகூடச் சொன்னான். நீ இப்படிச் சொல்றியே" என்றார்.

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து நீ அலமாரிக்குள் இருக்கும் தொட்டி மெயினை அணைத்துவிட்டாய். மேலே வெளிச்சம் போய் மீன்களெல்லாம் கருப்பாகத் தெரிந்தன. தண்ணீர் பைப்பில் இறங்குகிற சத்தம் மட்டும்தான். நீ உள்ளேயிருந்து "ஏறுது, ஏறுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்புறம் "நின்னுட்டுக்கா! நாலு விரல் இடம் பாக்கி!" என்றாய். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நானோ மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அலமாரிக்குள் கிடந்த நீ பார்க்கவில்லை.

நீ என்னை இல்லை என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் உன்னை இல்லை என்று சொன்னது உனக்குக் கேட்கவில்லை. கேட்காமலேயே போகட்டும் என்று ராத்திரி படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. உன்னை அத்தனை கேள்வி கேட்டவள் நான். எனக்கு நேரம் வந்தபோது ஒரு நொடி ஆகவில்லை. மாமி இதை உன்னிடம் சொல்ல மாட்டார், நல்ல மனுஷி. அதனால் நானே சொல்லிவிட்டேன்.

மாமி என் நெற்றியில் குங்குமம் வைத்து, ரவிக்கைத் துணியும் தேங்காயும் கொடுத்து அனுப்பினார். கிளம்பும்போது பார்த்தேன், சம்பின் முன்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எப்போது பிய்த்து எப்போது ஒட்டினாய்? மூலை மடங்கியிருக்கிறது. அடுத்த தடவை போகும்போது புதிது ஒன்று எடுத்துப்போ.

பெயிண்டர் இன்றைக்கு வந்தான். "அழிக்கவா யக்கா?" என்று தூரிகையோடு நின்றான். அதே எழுத்தின் மேல் இன்னொரு பூச்சு கொடுக்கச் சொல்லிவிட்டேன். சாயம் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. நெத்திலிக் குழம்பு வைக்கிறேன். தெருமுனையில் நின்று போன் பண்ணாதே. கடை வாசலில் நின்று, அன்றைக்கு அலமாரிக்குள்ளிருந்து கூப்பிட்டாயே, அதே மாதிரி சத்தமாகக் கூப்பிடு. யாராவது "அவன் யாரு?" என்று என்னிடம் கேட்கட்டும். இந்தத் தடவை நான் சரியாகப் பதில் சொல்லுகிறேன்.

உன் அக்கா
பானு